சணல் சுற்றிய இருக்கை

சத்தம் கேட்டபோது தம்பி என் பக்கத்தில் இருந்தான். சத்தம் அடங்கியபோது இல்லை.

ஸ்டியரிங் மட்டும் தன்னந்தனியாக ஆடிக்கொண்டிருந்தது. திருத்தங்கலுக்கு வெளியே காய்ந்து கிடந்த கண்மாய் அது. கரிசல் பாளம் பாளமாக வெடித்து, ஒவ்வொரு வெடிப்பும் தண்ணீர் கேட்கும் வாயாகத் திறந்திருந்தது. அந்த வாய்களின் மேல், நாங்களே இரும்புக் குழாயில் கட்டிய திறந்த பக்கி வண்டி, ஓட்ட ஆளில்லாமல், என்னை மட்டும் கட்டிவைத்துக்கொண்டு பாய்ந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் போய்விட்டது. ஆனால் அதுவரை தின்ற வேகம் வண்டியின் வயிற்றில் இருந்தது. கை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பார்த்தேன். அது என் கட்டைவிரலை முறுக்கி வீசியது.

கரை வந்தது. முன்சக்கரம் கரையில் ஏறியது. வானம் மடியில் விழுந்தது, மண் தலைக்கு மேல் வந்தது, இரும்புக் குழாய்கள் கரையைக் கடித்த சத்தம் என் பற்களுக்குள் கேட்டது. பிறகு நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

பெட்ரோல் சொட்டியது. நெற்றியில் ஒரு சொட்டு, புருவத்தில் ஒரு சொட்டு, கண்ணுக்குள் ஒன்று. எரிந்த கண்ணால் பார்த்தேன். தூரத்தில் சீமைக்கருவேலங்களுக்கு நடுவே தம்பி ஓடிக்கொண்டிருந்தான். என் பார்வைக்கு அவனும் தலைகீழாகத்தான் ஓடினான், வானத்தை மிதித்துக்கொண்டு. செருப்பில்லாத கால்கள். முள்ளுக்கு ஒதுங்காத கால்கள். ஒரு முறைகூடத் திரும்பவில்லை. வெகுதூரம் போய் நின்று, முதுகைக் காட்டியபடியே குனிந்து வாந்தி எடுத்தான்.

கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்காத அளவுக்குக் கூப்பிட்டேன். அவன் வரவில்லை.

வந்தவள் வேறொருத்தி. கரிமூட்டத்துக்காகக் கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தவள், கையில் அரிவாளோடு வந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"உசுரு இருக்கா தாயி?"

"இருக்கு. வாரை அறுங்க."

"அங்கன நிக்காரே, உங்க வீட்டுக்காரரா?"

"தம்பி."

அரிவாளை வாருக்குள் நுழைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். நான் உச்சந்தலையில் விழுந்தேன். என் அக்குளைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, தூரத்தில் நின்ற முதுகை இன்னொரு முறை பார்த்துச் சொன்னாள். "நல்லா வளத்திருக்கீக."

நாட்டைக் குறுக்காகக் கடப்பது என்று நாங்கள் முடிவு செய்து அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாங்கள் என்றால் நானும் தம்பியும். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை, நானும் அதைத் தேடிப் போகவில்லை. திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பட்டாசு லேபிளும் காலண்டர் தாளும் வடிவமைக்கிறேன். கால் ஓரிடத்தில் தங்காது. லீவு நாளில் எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புகிற ஜென்மம். தம்பி விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களை எடுத்த கைகள். எங்கள் கைகளுக்கு மையும் மருந்தும் வந்தன. பட்டாசுக்குள் போகும் வெடிப்பொருளை இங்கே யாரும் வேறு பெயரால் சொல்வதில்லை. மருந்துதான்.

இந்த ஊர்க்காரர்களுக்கு நாடு என்பது லோடு போகிற ஊர்களின் வரிசை. இந்தூர் எங்கே என்று கேட்டால் தம்பிக்குத் திசை தெரியாது, சரவெடி எந்தச் சைஸில் போகும் என்று தெரியும். ஜோத்பூர் எனக்கு ஒரு மஞ்சள் லேபிள். புலி வாயைத் திறந்திருக்கும், அந்த ஊர் வியாபாரி புலியின் நாக்கை இன்னும் சிவப்பாக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர்கள் கொளுத்த நாங்கள் பெட்டி கட்டி அனுப்பிய ஊர்களில் ஒன்றையும் நாங்கள் பார்த்ததில்லை. பார்த்துவிடலாம் என்றான் தம்பி. தார் ரோட்டில் போனால் ரோட்டைத்தான் பார்ப்போம், மண்ணில் போவோம் என்றேன் நான்.

அச்சகத்தில் நிறம் விலகி அச்சான இந்திய வரைபடத் தாள் ஒன்று கழிவில் கிடந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு எல்லை, கடலுக்கு இரண்டு கரை. அதை என் வீட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு எல்லைகளுக்கும் நடுவே கோடு போட்டோம். தெற்கே தேரிக்காட்டுச் செம்மணலில் தொடங்கி, தக்காணத்துப் பாறைக் காட்டில் ஏறி, சம்பல் ஆறு கிழித்துப் போட்ட பள்ளங்களில் இறங்கி, தார் மணலைத் தாண்டி, கட்ச் உப்புவெளியில் முடிகிற கோடு. சூலக்கரையில் வண்டிப் பதிவு அலுவலகத்தில் போய் விசாரித்தேன். அங்கிருந்தவர் வண்டியின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதை ரோட்டில் ஓட்டினால் பிடிப்பது என் வேலை, ரோட்டை விட்டு இறங்கிவிட்டால் நிலத்துக்காரனிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். அதனால் ரோடு உள்ள தூரமெல்லாம் வண்டி லாரியில் போக வேண்டும். வெடி லோடு ஏற்றிய லாரியில் பெட்ரோல் வண்டி ஏற முடியாது. காலண்டர் லோடு லாரியில் ஏறலாம். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்துக் கிடக்கும் நாட்கள்தான் காலண்டர் லோடு வடக்கே போகும் சீசன். எல்லாம் அப்படிப் பொருந்தியது.

வண்டியைத் தம்பி என் வீட்டு முற்றத்தில் கட்டினான். செத்த மாருதி ஒன்றின் என்ஜினை வாங்கி, எங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்து, சுற்றிக் குழாய்க் கூண்டு. பட்டாசு கம்பெனியில் இரும்பை இரும்பு தொடக் கூடாது. ஒரு பொறி போதும். அங்கே கரண்டி மரத்தில், சல்லடை பித்தளையில், கால் வெறுங்காலில். இருபது வருடம் பொறிக்குப் பயந்து பயந்து நடந்தவன் கையில் கிரைண்டரைக் கொடுத்தபோது முதல் நாள் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். குழாயில் வட்டு பட்டது. பொறி மழையாகக் கொட்டியது. நெஞ்சில், கழுத்தில், முழங்கையில். கண்ணைத் திறந்தான். சிரிக்கத் தொடங்கினான். அப்படி ஒரு சிரிப்பை அவனிடம் நான் பார்த்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, யாரையோ குத்துகிற மாதிரி, குழாய்மேல் குழாயாக அறுத்துத் தள்ளினான். தெருவே நின்று பார்த்தது. பனியனில் நூறு ஓட்டை.

அவன் செய்த ஒரு தவறு அப்போது என் கண்ணில் படவில்லை. இரண்டு இருக்கைக்கும் வார் வாங்கியிருந்தோம், தோளிலும் இடுப்பிலும் வந்து நெஞ்சில் பூட்டுகிற வகை. தன் வாரை மடித்து இருக்கைக்கு அடியில் தள்ளி, அதன்மேல் உட்கார்ந்தான். பக்கவாட்டில் வலை கட்ட வேண்டும் என்று வெல்டர் சொன்னதற்கும் மாட்டேன் என்றுவிட்டான். மருந்து அறைக்கு எதிரெதிரே வாசல் வேண்டும், கதவு வெளியே திறக்க வேண்டும், தாழ்ப்பாள் கூடவே கூடாது. ஆளைப் பூட்டிவைத்து வேலை வாங்குவது அவன் கணக்கில் கொலை. கண்மாயில் முதல் ஓட்டத்துக்கு ஏறியபோது என்னையும் கட்டாதே என்றான். நான் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் கட்டிக்கொண்டேன். மிரண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான்.

கண்மாய் நடுவில் சைலன்சர் வெடித்தது. எரியாத பெட்ரோல் குழாயில் போய் எரிகிற சத்தம். பழைய கார்பரேட்டர் வண்டிகளில் சாதாரணம். ஆனால் அது எங்கள் முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் வெடித்தது.

விழுந்த காயத்தோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். டிராக்டர் வைத்து வண்டியை இழுத்து முற்றத்தில் போட்டார்கள். டிராக்டர் போனதும் தம்பியை அறைந்தேன். நாற்பத்தைந்து வயது ஆளை, மீசை நரைத்தவனை, கை ஓங்கிக் கன்னத்தில். என் மோதிரம் அவன் உதட்டைக் கிழித்தது. ரத்தம் தாடைக்கு வந்தது. அவன் துடைக்கவில்லை. "இன்னும் அடிக்கா" என்றான். அடித்தேன். கை வலிக்கும்வரை அடித்தேன், வலித்த பிறகும் அடித்தேன். என் கட்டைவிரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் என் உடம்புதான் கத்தியது. நீ அங்கே நின்றாயே, நின்று முதுகைக் காட்டினாயே என்று நான் கேட்டதெல்லாம் தெருவுக்குக் கேட்டது.

அப்போதுதான் அவன் மனைவி வேலை முடிந்து தன் வீட்டுக்குப் போகிற வழியில் உள்ளே வந்தாள். அவள் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிறவள். விரல்களில் எப்போதும் துணிக்கட்டு இருக்கும். சணல் அறுத்த தழும்புக்கு மேல் தழும்பு. முற்றத்தில் நசுங்கிக் கிடந்த வண்டியைப் பார்த்தாள். என் நெற்றியைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பார்த்தாள். சாப்பாட்டுத் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, சுவரோரம் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்தாள்.

முதல் அடியில் விளக்குகள் போயின. இரண்டாவதில் ரேடியேட்டர் கிழிந்து பச்சைத் தண்ணீர் பீய்ச்சியது. பிறகு கூண்டு. குழாயில் இரும்பு பட்டு ஒவ்வோர் அடியும் மணியாக ஒலித்தது. தம்பி தடுக்கவில்லை. நான் தடுக்கப் போனேன், கடப்பாரை என் தோளை உரசிக்கொண்டு போனது. ஒதுங்கிக்கொண்டேன். அடித்து ஓய்ந்து, கடப்பாரையை ஊன்றி மூச்சு வாங்கியபடி என்னிடம்தான் பேசினாள். அவனைப் பார்க்கவில்லை.

"நாடு சுத்தப் போறாகளாம், நாடு. பயணம் போறவுக முகம் இப்படியா இருக்கும் மதினி? இவுக போகலை. ஓடுறாக. அன்னைக்கு ஓட ஆரம்பிச்சவுக இன்னும் நிக்கலை."

அன்றைக்கு என்று அவள் சொன்ன நாளை எனக்குத் தெரியும். பாதிதான் தெரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

சில வருடங்களுக்கு முன்பு, தம்பி வேலை செய்த பழைய கம்பெனியில், அவன் நின்ற அறைக்கு அடுத்த அறை போனது. வெடித்துச் சிதறியதை இங்கே போனது என்றுதான் சொல்வோம். கூரை மேலே போய்த் திரும்பி வரும்போது கூரையாக வரவில்லை. வேப்பமரம் ஒரு பக்கம் பச்சையாகவும் ஒரு பக்கம் கரியாகவும் நின்றது. வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் மட்டும் ஜோடி ஜோடியாக இருந்தன, எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொல்வதுபோல. அவன் வந்து சேர்ந்தான், இடது காது செத்து, முதுகு முழுக்கச் சாம்பலோடு. ஓடியதால் பிழைத்தான். சீசன் தொடங்கும்போது புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குப் போர்மேன் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான். சத்தம் வந்தால் கையில் இருப்பதைப் போடு, வாசலைப் பார்த்து ஓடு, யார் கூப்பிட்டாலும் திரும்பாதே. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள் சிரித்தபடி ஓடிக் காட்டுவார்கள். மெதுவாக ஓடினவர்களை அவன் திரும்ப ஓடவிடுவான்.

எனக்குத் தெரியாத மறுபாதியை அவள் முற்றத்தில் வைத்துச் சொன்னாள். அந்த அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. யண்ணே என்று ஒரே ஒரு முறை. அவன் திரும்பவில்லை. அவன் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவனே சரியாகச் செய்தான். திரும்பியிருந்தால் செருப்புக் கணக்கில் இன்னொரு ஜோடி கூடியிருக்கும், வேறொன்றும் ஆகியிருக்காது. இது எல்லாருக்கும் தெரியும். கூப்பிட்டவளின் வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். ஒரு சொல் சொல்லவில்லை அவர்கள். பார்த்தால் இன்றும் சாப்பிட்டீகளா என்று கேட்கிறார்கள்.

கல்யாண வீட்டில் வாசலில் வெடி போட்டால் அவன் அசையமாட்டான். சாயங்காலம் கம்பெனிகளில் சோதனைக்கு வெடிக்கும்போது என்ன சைஸ் என்று சொல்லிக்கொண்டே டீ குடிப்பான். முன்னால் வருகிற சத்தம் ஊர்ச் சத்தம். முதுகுக்குப் பின்னால் வருவது வேறு. அந்த வித்தியாசம் அவனுக்கே தெரிந்திருக்காது. என்ஜினைப் பின்னால் வைத்தது அவன்தான்.

வண்டி முற்றத்திலேயே கிடந்தது. அதன்மேல் துணி காயப்போட்டேன். சுவரில் வரைபடம் ஒரு மூலை பிரிந்து காற்றுக்கு அடித்துக்கொண்டது. அவன் வருவதை நிறுத்திவிட்டான். எனக்கும் அவனுக்கும் நடுவே பேச்சு இல்லை. பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போனேன். இறங்கினால் அங்கேயும் இந்த வெயில்தான், இந்த மருந்து வாசம்தான். எதையாவது உடைக்க வேண்டும்போல இருந்தது. உடைக்க வேண்டியதையெல்லாம் அவள் உடைத்துவிட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோளில் ஒரு ரேடியேட்டரோடு வந்தான். காயும் துணிகளை எடுத்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினான். நான் டீ போட்டு வைத்தேன். குடித்தான். பல ஞாயிறுகள் அப்படியே போயின. கூண்டை நிமிர்த்தினான், அறுந்த என் வாருக்குப் புது வார் போட்டான். வேலை முடிந்த அன்று நானே ஓட்டிவிடுகிறேன், நீ பக்கத்தில் உட்கார் என்று சொல்லிப் பார்த்தேன். ஸ்கூட்டிக்கு மேல் எதையும் ஓட்டி அறியாதவள் நான். அவன் என் புது வாரை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வேறொன்று சொன்னான்.

"என்னையக் கட்டிப் போடுங்க. நானா திறக்க முடியாத மாதிரி."

அவன் மனைவி அன்று வந்திருந்தாள். நான் முடியாது என்றேன். அவள் எழுந்தாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், ஒரு பந்து சணலோடு திரும்பி வந்தாள்.

வண்டியைக் கண்மாய்க்குக் கொண்டு போனோம். ஓட்டும் இருக்கையில் அவன் உட்கார்ந்து, முதல்முறையாக வாரை அடியிலிருந்து எடுத்துப் பூட்டினான். பூட்டுக்குமேல் அவள் சணலைச் சுற்றத் தொடங்கினாள். அணுகுண்டில் எல்லாமே சுற்றில்தான் இருக்கிறது. நெகிழ்ந்தால் புஸ்ஸென்று போகும். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சத்தம். குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டைவிரலால் அழுத்தி, பல்லால் இழுத்து இறுக்குவாள். அப்படியே அவனைச் சுற்றினாள். பூட்டின்மேல், நெஞ்சின்மேல், தோளிலிருந்து கூண்டுக் குழாய்க்கு, இடுப்பிலிருந்து இருக்கைக் கம்பிக்கு. கையும் காலும் மட்டும் வெளியே. முடிச்சை அவன் கை எட்டாத இடத்தில், இருக்கைக்குப் பின்னால் போட்டாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் அவனை அவ்வளவு நேரம் தொட்டு நான் பார்த்ததில்லை.

இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"வண்டி கவுந்தா மட்டும் அறுங்க. இவுக கெஞ்சுனா அறுக்காதீக."

கரையில் போய் நின்றுகொண்டாள்.

ஓடும் வண்டியில் சாவியை அணைத்து மறுபடி போட்டால் சைலன்சர் வெடிக்கும். சாவி என் பக்கம் இருந்தது. அவன் வேகம் எடுத்தான். பாளங்கள் சக்கரத்துக்கு அடியில் நொறுங்கின. சாவியைத் திருகினேன், திரும்பப் போட்டேன்.

வெடித்தது.

அவன் உடம்பு எழுந்தது. எழ முடியவில்லை. சணல் நெஞ்சில் இறங்கியது. அவன் முழங்கை வந்து என் மூக்கில் மோதி எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குள் கேட்டது. வாய் முழுக்க ரத்தம். அவன் கத்தினான். அவன் கத்தியது வலியில் இல்லை. "ஓடு, ஓடு, எல்லாரும் ஓடுங்க" என்று கம்பெனியில் பாடம் சொல்லும் குரலில், யாருமே இல்லாத கண்மாயைப் பார்த்துக் கத்தினான். அவன் கால் ஓடியது. ஓட வேறிடம் இல்லாமல் ஆக்ஸிலேட்டரில் ஓடியது. வண்டி பறந்தது. கருவேலங்கிளைகள் கூண்டுக்குள் புகுந்து எங்கள் கையையும் முகத்தையும் கீறின. கரை நேரே வந்துகொண்டிருந்தது, அதன்மேல் அவன் மனைவி நின்றிருந்தாள், அவள் நகரவில்லை. கத்தியைத் தேடினேன். அது என் காலடியில் எங்கோ குதித்துக்கொண்டிருந்தது.

அவன் ஸ்டியரிங்கை ஒடித்தான். பின்சக்கரம் கரையை உரசி மண்ணை அவள் முகத்தில் அள்ளி வீசிவிட்டுத் திரும்பியது. பிரேக் போட்டான். கண்மாயின் புழுதியெல்லாம் எங்கள்மேல் வந்து உட்கார்ந்தது.

"அறுக்கா" என்றான். "அறுத்துரு. முடியலை."

மூக்கைப் பிடித்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினேன். கெட்ட வார்த்தை சொன்னான், எங்கள் அம்மாவைச் சேர்த்து. எனக்கும் அவள்தான் அம்மா என்றேன். அழுகிற மாதிரி சிரித்தான். சட்டையில் சணல் இறங்கிய இடமெல்லாம் சிவப்புக் கோடாகக் கசிந்தது. பிறகு அவனே கியரைப் போட்டான்.

மறுபடி வெடித்தது. மறுபடி கத்தினான். கால் ஓடியது, கை பிடித்துக்கொண்டது. மறுபடி. ஒவ்வொரு வெடிக்கும் நானும் ஏதோ கத்திக்கொண்டிருந்தேன். கருவேலங்களிலிருந்து கொக்குகள் கிளம்பிப் போய்விட்டன. வெயில் எங்களை மேலிருந்து அடித்தது, பாளங்கள் கீழிருந்து அடித்தன, நடுவில் நான் சாவியைத் திருகித் திருகி என் தம்பியை அடித்துக்கொண்டிருந்தேன். என் கை நிற்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்றுகூடச் சொல்வேன், நெஞ்சில் எத்தனையோ வருடமாக அடைத்துக்கிடந்த ஏதோ ஒன்று ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது.

எத்தனையாவது வெடி என்று தெரியவில்லை. சத்தம் வந்தது. அவன் கத்தவில்லை. காலைத் தூக்கினான். வண்டி தானாக வேகம் குறைந்து உருண்டது. சணல் கழுத்தை அறுக்க அறுக்க, தலையை மெல்ல, எவ்வளவு முடியுமோ அவ்வளவு, பின்பக்கம் திருப்பினான்.

திரும்பிப் பார்த்தான்.

கூண்டுக்குப் பின்னால் என்ஜின் நடுங்கிக்கொண்டிருந்தது. சைலன்சர் வாயில் கொஞ்சம் கரும்புகை. அதற்குப் பின்னால் வெறும் கண்மாய், எங்கள் சக்கரத் தடம், வெயில். அவன் அதையெல்லாம் ரொம்ப நேரம் பார்த்தான்.

"சைலன்சர்தான்க்கா" என்றான். "வேற யாரும் இல்லை."

அவன் மனைவி கரையிலிருந்து இறங்கி வந்தாள். முகத்தில் அப்பியிருந்த மண்ணைத் துடைக்கவே இல்லை. வண்டியில் இருந்த பாட்டிலை எடுத்து முதலில் தான் குடித்தாள், பிறகு எனக்குக் கொடுத்தாள், பிறகு அவன் வாயில் ஊற்றினாள். நான் கத்தியைத் தேடி எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்றாள். முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி, சுற்றுச் சுற்றாகப் பிரித்து, சணலைத் திரும்பப் பந்தாகச் சுற்றிக்கொண்டே வந்தாள். ரத்தம் பட்ட இடத்தையும் சேர்த்தே சுற்றினாள்.

போகிற வழியில் சணல் வேண்டியிருக்கும், ஆனால் எனக்கு முடிச்சுப் போட வராதே என்றேன் நான். மூக்கடைத்துப் பேசியதால் பாதிதான் வெளியே வந்தது. அவள் பந்தைச் சுற்றி முடித்தாள்.

"பின்னால எனக்கு ஒரு இருக்கை போடுங்க."

தம்பி அவளைப் பார்த்தான். பின்னால் என்ஜினுக்குப் பக்கத்தில்தான் இடம் இருக்கிறது, அங்கே உட்கார்ந்தால் காது போய்விடும் என்றான்.

"அணுகுண்டு சுத்துதவகிட்ட காதைப் பத்திப் பேச வந்துட்டாக" என்றாள் அவள் என்னைப் பார்த்து. பிறகு அவனிடம், குரலைத் தாழ்த்தாமல், "எனக்கும் ஜோத்பூர் பாக்கணும். எம்புட்டுப் பெட்டி கட்டியிருப்பேன் அந்த ஊருக்கு."

விருதுநகரில் ஒரு டாக்டர் என் மூக்கை நிமிர்த்தினார். முழுதாக நிமிரவில்லை. கண்ணாடியில் இப்போது என் முகம் எப்போதும் இடப்பக்கம் ஏதோ ஊருக்குக் கிளம்புகிற மாதிரி இருக்கிறது. தம்பி நெஞ்சில் சணல் தடம் கறுத்துக் கோடாக நின்றுவிட்டது, வரைபடத்தில் நாங்கள் போட்ட கோட்டை விடக் கோணலாக. சட்டையைக் கழற்றினால் தெருப்பிள்ளைகள் என்ன கோடு என்று கேட்கிறார்கள். ரூட்டு என்கிறான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் மறுபடி கிரைண்டர் ஓடியது. மூன்றாவது இருக்கைக்குக் குழாய் அறுத்தான். பொறி சுவர்வரை தெறித்து வரைபடத்தில் தெற்கே ஒரு சின்ன ஓட்டை போட்டது. வெல்டிங் ஆறியதும் அவள் ஏறி என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். புது வாரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூட்டியதைத் தானே திறக்க முடியுமா என்று அவனிடம் கேட்டாள். திறக்கலாம், இந்தச் சிவப்பை அழுத்தணும் என்றான்.

"அப்ப பூட்டிவிடுங்க."

குனிந்து பூட்டிவிட்டான். இறுக்கம் சரியா என்று இழுத்துப் பார்த்தான். பிறகு முன்னால் வந்து தன் இருக்கையில் உட்கார்ந்து, அடியில் கை விட்டு, தன் வாரை வெளியே எடுத்தான்.